கல்யாண்–டோம்பிவிலி மாநகராட்சி: தோழமைக் கட்சிகளுக்கு இடையிலேயே போட்டி; யார் கை ஓங்கியுள்ளது? முழு விவரம்

கல்யாண் (மகாராஷ்டிரா), ஜன. 24: மகாராஷ்டிராவில் 29 மாநகராட்சிகளுக்கு ஜனவரி 15ஆம் தேதி நடைபெற்ற தேர்தலைத் தமிழ் வாசகர்களில் பலர் ஒரு சொற்போரின் வழியாகவே அறிந்திருப்பர். மும்பை பிரசாரத்தில் தமிழக பாஜக தலைவர்களுள் ஒருவரான அண்ணாமலை, அந்நகரம் ஒரு சர்வதேச நகரம் என்று கூறியதும், அதற்குச் சிவாஜி பார்க் பொதுக்கூட்டத்தில் மகாராஷ்டிரா நவநிர்மாண் சேனா தலைவர் ராஜ் தாக்கரே கேலியாகப் பதிலளித்ததும் பல நாள்கள் செய்தியாயின. ஆனால் தேர்தலின் விசித்திரமான முடிவு மும்பையில் அல்ல, அங்கிருந்து சுமார் 50 கிலோமீட்டர் வடகிழக்கே உள்ள கல்யாணில் வெளிப்பட்டிருக்கிறது.

கல்யாண்–டோம்பிவிலி மாநகராட்சியின் 122 இடங்களில் ஏக்நாத் ஷிண்டே தலைமையிலான சிவசேனா 53 இடங்களிலும், அதன் தோழமைக் கட்சியான பாஜக 50 இடங்களிலும் வென்றுள்ளன. உத்தவ் தாக்கரே தலைமையிலான சிவசேனா 11, நவநிர்மாண் சேனா 5, காங்கிரஸ் 2, சரத் பவார் தலைமையிலான தேசியவாத காங்கிரஸ் 1 என்பது எஞ்சிய கணக்கு. பெரும்பான்மைக்குத் தேவை 62. கூட்டணியாக நின்ற இரு கட்சிகளுக்கும் சேர்த்து 103 இடங்கள் இருப்பதால் எவ்விதச் சிக்கலும் இருந்திருக்கக் கூடாது. ஆயினும் முடிவு வெளியான ஐந்தாம் நாளே ஷிண்டே தரப்பு எதிரணியில் நின்ற நவநிர்மாண் சேனாவின் ஐந்து உறுப்பினர்களின் ஆதரவைப் பெற்றுத் தன் பலத்தை 58 ஆக உயர்த்திக்கொண்டது. 103 பேர் கொண்ட கூட்டணியில் உள்ள ஒரு கட்சிக்கு மேலும் ஐந்து பேர் எதற்கு என்ற கேள்விக்கான விடைதான் இந்நகர அரசியல்.

தமிழர்களுக்கு அறிமுகமான சந்திப்பு

சென்னை, கோவை, நாகர்கோவில் ஆகிய ஊர்களுக்குச் செல்லும் ரயில்களில் பயணித்தவர்களுக்குக் கல்யாண் சந்திப்பு புதிதல்ல. புனே வழியாகத் தெற்கே செல்லும் பாதையும் நாசிக் வழியாக வடகிழக்கே செல்லும் பாதையும் இங்குதான் பிரிகின்றன. தாராவியிலும் மாட்டுங்காவிலும் செம்பூரிலும் வேரூன்றிய தமிழ்க் குடும்பங்களின் அடுத்த தலைமுறையினர், வீட்டு விலை கைக்கு எட்டாத நிலையில் புறநகர் ரயில் பாதையை ஒட்டி டோம்பிவிலி, கல்யாண் எனக் கிழக்கு நோக்கி நகர்ந்தனர். காலையில் மும்பைக்குச் சென்று இரவில் திரும்பும் இவர்களுக்கு நகரத்துடன் உள்ள உறவு பெரும்பாலும் குடிநீர், சாலை, குப்பை, சொத்து வரி ஆகியவற்றோடு நின்றுவிடுகிறது. இவை அனைத்தும் மாநகராட்சியின் பொறுப்பில் உள்ளவை.

இம்மாநகராட்சி 1983ஆம் ஆண்டு அக்டோபர் 1ஆம் தேதி உருவாக்கப்பட்டது. அம்பர்நாத், பத்லாப்பூர் பகுதிகளும் அப்போது இதில் இருந்தன. பின்னர் அவை பிரிந்து தனி நகராட்சிகளாயின. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இங்கு சுமார் 12.5 லட்சம் பேர் வசித்தனர். முதல் தேர்தல் 1995இல்தான் நடைபெற்றது. அதாவது, உருவான முதல் 12 ஆண்டுகள் இந்நகரம் அதிகாரிகளின் ஆளுகையிலேயே இருந்தது. அதே நிலை அண்மையில் மீண்டும் திரும்பியது.

ஐந்தாண்டு இடைவெளி

முந்தைய தேர்தல் 2015 நவம்பர் 1ஆம் தேதி நடைபெற்றது. அதில் தேர்வான மன்றத்தின் பதவிக்காலம் 2020 நவம்பரில் முடிந்தது. கொரோனா பெருந்தொற்றால் தள்ளிப்போன தேர்தல், பிறகு இதர பிற்படுத்தப்பட்டோர் இடஒதுக்கீட்டு வழக்கில் சிக்கிக்கொண்டது. உள்ளாட்சிகளில் அந்த ஒதுக்கீட்டை வழங்குவதற்கு முன் தனி ஆணையம் அமைத்துத் தரவு திரட்ட வேண்டும், மொத்த ஒதுக்கீடு 50 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று 2021 மார்ச் மாதம் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதற்காக அமைக்கப்பட்ட பாந்தியா ஆணையத்தின் அறிக்கை 2022இல் வந்தது. அதற்குள் மாநில ஆட்சி மாறியது. வார்டு எல்லைகளும் இடங்களின் எண்ணிக்கையும் புதிய சர்ச்சையாயின. இறுதியாக, 2025 மே 6ஆம் தேதி உச்ச நீதிமன்றம் அந்த அறிக்கைக்கு முந்தைய ஒதுக்கீட்டு நிலையின்படியே தேர்தலை நடத்துமாறு உத்தரவிட்டது. முதலில் நான்கு மாத அவகாசம் தரப்பட்டது. அது பின்னர் 2026 ஜனவரி 31 வரை நீட்டிக்கப்பட்டது.

ஆக, ஐந்து ஆண்டுகளுக்கும் மேலாக மாநகராட்சி ஆணையரே நிர்வாகி, அவரே மன்றம், அவரே நிலைக்குழு. வரவு செலவுத் திட்டத்தை முன்மொழிபவரும் ஒப்புதல் அளிப்பவரும் ஒருவரே. 2015 தேர்தலுக்குப் பின் 18 வயது நிரம்பிய எவரும் தம் வாழ்நாளில் மாநகராட்சிக்கு வாக்களித்ததில்லை. அவர்களில் மூத்தவர்களுக்கு இப்போது 28 வயது. தமிழ்நாட்டு வாசகர்களுக்கு இது அந்நியமான அனுபவம் அன்று. சென்னை உள்ளிட்ட நகரங்களில் 2016 அக்டோபரில் பதவிக்காலம் முடிந்த மன்றங்களுக்கு 2022 பிப்ரவரி 19ஆம் தேதிதான் தேர்தல் நடைபெற்றது. இடையில் தனி அலுவலர்களே ஆண்டனர். இங்கிலாந்தில் உள்ளாட்சி மறுசீரமைப்பைக் காரணம் காட்டி 9 மன்றங்களின் தேர்தல் 2025 மே மாதத்திலிருந்து ஓராண்டு தள்ளிவைக்கப்பட்டதே அங்கு பெரும் விவாதமானது. இங்கு ஐந்தாண்டு தாமதம் ஒரு வழக்கு எண்ணாக மட்டுமே நினைவில் இருந்தது.

ஒரு வாக்காளர், நான்கு வாக்குகள்

இத்தேர்தலைப் புரிந்துகொள்ள ஒரு சொல்லில் கவனம் தேவை. மராத்தியில் ‘பிரபாக்’ எனப்படுவதைத் தமிழ்ச் செய்திகளில் ‘வார்டு’ என்று மொழிபெயர்ப்பது வழக்கம்; இக்கட்டுரையாளரும் அவ்வாறே பலமுறை எழுதியதுண்டு. ஆனால் தமிழ்நாட்டில் வார்டு என்றால் ஒரு கவுன்சிலர். மகாராஷ்டிராவில் மும்பை நீங்கலாக மற்ற மாநகராட்சிகளில் ஒரு பிரபாக்கிலிருந்து பல உறுப்பினர்கள் தேர்வாகின்றனர். மும்பையில் 227 வார்டுகள், 227 உறுப்பினர்கள். கல்யாண்–டோம்பிவிலியிலோ 122 உறுப்பினர்கள் 31 பிரபாக்குகளிலிருந்து வருகின்றனர்: 29 பிரபாக்குகளில் தலா நான்கு பேர், இரண்டில் தலா மூன்று பேர்.

ஒவ்வொரு பிரபாக்கிலும் அ, ஆ, இ, ஈ என்பதுபோல இடங்கள் பிரிக்கப்பட்டு, எது பெண்களுக்கு, எது பட்டியலினத்தவருக்கு, எது பிற்படுத்தப்பட்டோருக்கு, எது பொது என்பது குலுக்கலில் முடிவாகும். வாக்காளர் ஒவ்வோர் இடத்துக்கும் தனித்தனியே வாக்களிக்க வேண்டும். வேட்பாளர் எவரையும் விரும்பாதவர் அந்த இடத்துக்கு நோட்டாவை அழுத்தலாம். மொத்த இடங்களில் பாதி, அதாவது 61, பெண்களுக்கு உரியவை.

2015இல் இதே 122 இடங்களுக்கு 122 தனி வார்டுகள் இருந்தன. இப்போது ஒரு பிரபாக் முன்பிருந்த வார்டைப்போல ஏறத்தாழ நான்கு மடங்கு பெரியது. இதில் தெருவில் மட்டுமே அறியப்பட்ட சுயேச்சை வேட்பாளர் வெல்வது கடினம். நான்கு வேட்பாளர்களை நிறுத்தி, ஒரே சின்னத்துக்கு நான்கு முறை வாக்கு கேட்கக்கூடிய பெரிய கட்சிக்கே சாதகம். கடந்த மன்றத்தில் சுயேச்சைகள் இருந்தனர். இம்முறை ஒருவரும் இல்லை. தெருவிளக்கு எரியாவிட்டால் நான்கு உறுப்பினர்களில் யாரிடம் முறையிடுவது என்ற கேள்விக்கும் சட்டத்தில் தெளிவான விடை இல்லை. நால்வரும் பொறுப்பு என்றால் நடைமுறையில் அது பெரும்பாலும் எவரும் பொறுப்பல்லர் என்றே முடியும்.

இதனுடன் மற்றொன்றும் சேர்ந்தது. வேட்புமனு திரும்பப் பெறும் கடைசி நாளான ஜனவரி 2ஆம் தேதி எதிர்த்து நின்றோர் விலகியதால், கல்யாண்–டோம்பிவிலியில் ஏறத்தாழ 20 இடங்களில் ஆளும் கூட்டணியினர் போட்டியின்றித் தேர்வாயினர். அவர்களில் பெரும்பாலோர் பாஜகவினர். மாநிலம் முழுவதும் இத்தகைய தேர்வுகள் பெருகியதால், மிரட்டலோ பணமோ காரணமா என்று மாநிலத் தேர்தல் ஆணையம் அறிக்கை கோரியது. எதிர்க்கட்சிகள் குற்றம் சாட்டின. ஆளும் தரப்பு அதை மறுத்தது. எவ்வாறாயினும், பத்தாண்டுகளுக்குப் பிறகு வந்த தேர்தலில் நகரின் ஆறில் ஒரு பங்கு இடங்களுக்கு வாக்குப்பதிவே நடைபெறவில்லை.

தோழமைக்குள் மோதல்

கல்யாண் மக்களவைத் தொகுதியின் உறுப்பினர் ஸ்ரீகாந்த் ஷிண்டே, துணை முதலமைச்சர் ஏக்நாத் ஷிண்டேயின் மகன். 2014, 2019, 2024 என மூன்று முறை வென்றவர். டோம்பிவிலி சட்டப்பேரவை உறுப்பினர் ரவீந்திர சவான் 2009 முதல் தொடர்ந்து நான்கு முறை வென்றவர். 2025 ஜூலை முதல் பாஜகவின் மாநிலத் தலைவர். மாநகராட்சி எல்லைக்குள் வரும் நான்கு பேரவைத் தொகுதிகளில் கல்யாண் மேற்கும் கல்யாண் ஊரகமும் சேனா வசம், கல்யாண் கிழக்கும் டோம்பிவிலியும் பாஜக வசம். இரண்டு பெரிய தலைவர்கள், ஒரு நகரம் என்பதே இங்குள்ள சிக்கல்.

பகை எவ்வளவு ஆழமானது என்பதற்கு 2024 பிப்ரவரி நிகழ்வு சான்று. கல்யாண் கிழக்கு தொகுதியின் அப்போதைய பாஜக உறுப்பினர் கணபத் கெய்க்வாட், காவல் நிலையத்துக்குள்ளேயே ஷிண்டே கட்சிப் பிரமுகர் மகேஷ் கெய்க்வாட் மீது துப்பாக்கியால் சுட்டதாகக் கைது செய்யப்பட்டார். அடுத்து வந்த பேரவைத் தேர்தலில் பாஜக அவரது மனைவி சுலபா கெய்க்வாட்டை நிறுத்தி வென்றது.

2025 நவம்பரில் மோதல் மும்பை தலைமைச் செயலகம் வரை சென்றது. கல்யாண்–டோம்பிவிலியில் தம் கட்சியினரை பாஜக இழுத்துக்கொள்கிறது என்று கூறி ஷிண்டே கட்சி அமைச்சர்கள் அமைச்சரவைக் கூட்டத்தைப் புறக்கணித்தனர். உல்லாஸ்நகரில் இதைத் தொடங்கியது நீங்கள்தானே என்ற பொருளில் முதலமைச்சர் தேவேந்திர பட்னாவிஸ் பதில் அளித்ததாகச் செய்திகள் வெளியாயின. பின்னர் சமரசம் ஏற்பட்டுக் கூட்டணி உறுதியானது. ஆனால் டிசம்பரில் நடைபெற்ற அம்பர்நாத் நகராட்சித் தேர்தல் அந்தச் சமரசத்தின் எல்லையைக் காட்டிவிட்டது. அங்கு 27 இடங்களுடன் தனிப்பெரும் கட்சியாக வந்த ஷிண்டே சேனாவை ஒதுக்கிவைக்க, 14 இடங்கள் பெற்ற பாஜக, 12 இடங்கள் பெற்ற காங்கிரசுடன் கைகோர்த்தது. காங்கிரஸ் தலைமை தன் 12 பேரையும் இடைநீக்கம் செய்ய, அவர்கள் பாஜகவில் இணைந்தனர். பின்னர் தேசியவாத காங்கிரசின் நான்கு உறுப்பினர்கள் ஷிண்டே பக்கம் சாய்ந்தனர்.

கல்யாணிலிருந்து அம்பர்நாத் மூன்று ரயில் நிலையங்கள் தள்ளி உள்ளது. நவநிர்மாண் சேனாவின் ஐந்து பேரை ஷிண்டே தரப்பு ஏன் அவ்வளவு விரைவாக அழைத்துக்கொண்டது என்பதை அம்பர்நாத்தை அறிந்தவர்கள் எளிதில் புரிந்துகொள்வர். 53க்கும் 50க்கும் இடையிலான மூன்று இட வித்தியாசம் தன் பேரம் பேசும் வலிமைக்குப் போதாது என்று அக்கட்சி கருதியிருக்க வேண்டும்.

கட்சிகளின் நிலை: 2010, 2015, 2026

கணக்கைச் சற்று பின்னோக்கிப் பார்த்தால் போக்கு தெளிவாகும். 2010இல் மொத்த இடங்கள் 107. பிளவுபடாத சிவசேனா 31, நவநிர்மாண் சேனா 27, பாஜக வெறும் 9. 2015இல் மொத்தம் 122. இரு கட்சிகளும் தனித்துப் போட்டியிட்டு சிவசேனா 52, பாஜக 42 பெற்றன. நவநிர்மாண் சேனா 9ஆகச் சுருங்கியது. இப்போது பாஜக 50. பதினைந்து ஆண்டுகளில் 9இலிருந்து 50க்கு வந்த கட்சி எது என்பதே இந்நகரின் முதன்மைச் செய்தி. அதுவும், கூட்டணிப் பங்கீட்டில் சேனாவைவிடக் குறைவான இடங்கள் ஒதுக்கப்பட்ட நிலையில் பெற்ற எண்ணிக்கை இது.

ஷிண்டே தரப்புக்கும் பெருமை கொள்ளக் காரணம் உண்டு. 2022இல் கட்சி பிளந்தபின், பழைய ஒன்றுபட்ட கட்சியின் 52 என்ற எண்ணிக்கையை ஒரு பிரிவு மட்டுமே தாண்டியுள்ளது. தானே மாவட்டம் ஷிண்டேயின் கோட்டை என்பதைத் தானே மாநகராட்சியும் உறுதிப்படுத்தியுள்ளது. அங்கு 131 இடங்களில் 75ஐ வென்று அக்கட்சி தனிப்பெரும்பான்மை பெற்றது. நவி மும்பையில் நிலை நேர்மாறானது. பாஜக தனித்தே பெரும்பான்மை அடைந்தது. இவ்விரண்டுக்கும் இடையில், எவருக்கும் முழுமையாகக் கிட்டாத நகரமாகக் கல்யாண் நிற்கிறது.

உத்தவ் தரப்பின் 11 இடங்களை வீழ்ச்சி என்று மட்டும் கூறிவிட முடியாது. சட்டப்பேரவை உறுப்பினரோ மக்களவை உறுப்பினரோ இப்பகுதியில் இல்லாமல், சின்னத்தையும் இழந்தபின் பெற்ற இடங்கள் அவை. 2025 டிசம்பர் 24ஆம் தேதி உத்தவும் ராஜும் இருபது ஆண்டு பகையை மறந்து கூட்டணி அறிவித்தபோது, மராத்தி வாக்குகள் செறிந்த கல்யாண்–டோம்பிவிலி அவர்களுக்குப் பயன்தரும் என்று எதிர்பார்க்கப்பட்டது. மொத்தம் 16 இடங்களே கிடைத்தன. அவற்றிலும் ஐந்து ஒரு வாரத்துக்குள் எதிர்முகாமுக்கு ஆதரவாகச் சென்றுவிட்டன. 2019 முதல் 2024 வரை கல்யாண் ஊரகத்தின் பேரவை உறுப்பினராகவும் நவநிர்மாண் சேனாவின் ஒரே பேரவை உறுப்பினராகவும் இருந்த ராஜு பாட்டீல் இந்த முடிவை முன்னின்று எடுத்தார். உத்தவ் தரப்பின் சஞ்சய் ராவத் இதைக் கடுமையாக விமர்சித்துள்ளார். மும்பையில் ஒன்றாக வாக்கு கேட்ட சகோதரர் கட்சிகள், கல்யாணில் வாக்காளர் விரலில் வைத்த மை மறையுமுன் பிரிந்துவிட்டன.

காங்கிரசும் இரு தேசியவாத காங்கிரஸ் கட்சிகளும் இந்நகரில் எண்ணிக்கை அளவில் பேசத்தக்க நிலையில் இல்லை.

மேயர் பதவியும் உண்மையான அதிகாரமும்

ஜனவரி 22ஆம் தேதி மும்பையில் நடைபெற்ற குலுக்கலில், கல்யாண்–டோம்பிவிலி மேயர் பதவி பழங்குடியினருக்கு ஒதுக்கப்பட்டது. 122 இடங்களில் அப்பிரிவுக்குரியவை விரல்விட்டு எண்ணக்கூடியவை. அத்தகைய உறுப்பினர் ஷிண்டே தரப்பில் இருப்பதால் முதல் இரண்டரை ஆண்டுகளுக்கு மேயர் பதவி அக்கட்சிக்கே செல்லும் வாய்ப்பு மிகுதி. பாஜக துணை மேயர் பதவியையும் முக்கியக் குழுக்களையும் கோரும் என்று எதிர்பார்க்கலாம்.

இங்கே தமிழ் வாசகர்கள் கவனிக்க வேண்டிய நுட்பம் ஒன்றுண்டு. மகாராஷ்டிராவில் மேயர் மன்றக் கூட்டத்துக்குத் தலைமை வகிப்பவர். நிர்வாக அதிகாரம் மாநில அரசு நியமிக்கும் ஆணையரிடம் உள்ளது. பணம் தொடர்பான முடிவுகள் 16 உறுப்பினர் கொண்ட நிலைக்குழுவின் வழியே செல்கின்றன. பெரிய ஒப்பந்தங்களுக்கு ஒப்புதல் அளிப்பது அக்குழுவே. அதில் ஒரு கட்சிக்கு எத்தனை இடங்கள் என்பது மன்றத்தில் அதன் குழு பலத்தின் விகிதப்படி முடிவாகிறது. வென்றவர்கள் அனைவரும் நவி மும்பையின் கொங்கண் பவனில் உள்ள கோட்ட ஆணையர் அலுவலகத்துக்குச் சென்று குழுவாகப் பதிவு செய்துகொள்வது அதனால்தான். மேயர் நாற்காலிக்கு இல்லாத மதிப்பு நிலைக்குழுத் தலைவர் பதவிக்கு உண்டு என்று நகரில் கூறுவர். 53ஐ 58 ஆக்கிய கூட்டலின் பயன் அங்கேதான் தெரியவரும்.

காத்திருக்கும் பணிகள்

புதிய மன்றத்தின் முன் உள்ளவற்றில் மிகக் கடினமானது டோம்பிவிலியின் 65 கட்டடங்கள். மாநகராட்சியின் அனுமதிக் கடிதங்களைப் போலியாகத் தயாரித்து, அவற்றைக் காட்டி வீட்டுவசதி ஒழுங்குமுறை ஆணையத்தில் பதிவு பெற்று இவை கட்டப்பட்டன. பதிவு எண்ணை நம்பி, வங்கிக் கடன் பெற்று வீடு வாங்கியவர்கள் நடுத்தரக் குடும்பத்தினர். 2024 நவம்பரில் மும்பை உயர் நீதிமன்றம் இவற்றை இடிக்குமாறு உத்தரவிட்டது. குடியிருப்போர் வீதிக்கு வரமாட்டார்கள் என்று முதலமைச்சர் உறுதி கூறியுள்ளார். தேர்தல் காலத்தில் எல்லாக் கட்சிகளும் அவர்கள் பக்கம் நின்றன. ஆனால் கட்டடங்களை எந்த விதியின்கீழ் முறைப்படுத்துவது என்பதை எவரும் தெளிவுபடுத்தவில்லை. கடன் தவணை மட்டும் மாதந்தோறும் தவறாமல் வந்துகொண்டிருக்கிறது.

அடுத்தது 27 கிராமங்கள். 1983இல் மாநகராட்சியில் சேர்க்கப்பட்டு, போராட்டத்துக்குப் பின் 2002இல் விலக்கப்பட்டு, 2015 தேர்தலுக்கு முன் மீண்டும் சேர்க்கப்பட்டவை இவை. 2020இல் 18 கிராமங்களைப் பிரித்துத் தனி நகராட்சி அமைக்க அரசு முயன்றது; உயர் நீதிமன்றம் அதே ஆண்டு டிசம்பரில் அதை ரத்து செய்தது. நகர அளவில் வரி, கிராம அளவில் வசதி என்பது அப்பகுதியினரின் நெடுநாள் குறை. பெரிய அடுக்குமாடிக் குடியிருப்புகள் எழுந்துள்ள பகுதிகளிலும் குடிநீர்ப் பற்றாக்குறை தொடர்கிறது.

வாக்குறுதிகளைப் பொறுத்தவரை நகரத்தாருக்கு ஓர் அளவுகோல் உண்டு. 2015 தேர்தலுக்குச் சற்று முன், அப்போதும் முதலமைச்சராக இருந்த பட்னாவிஸ் கல்யாண்–டோம்பிவிலிக்கு 6,500 கோடி ரூபாய் வளர்ச்சித் திட்டத்தை அறிவித்தார். அந்தத் தொகை என்னவாயிற்று என்பது அடுத்த பத்தாண்டுகள் எதிர்க்கட்சிகளின் நிரந்தரக் கேள்வியாக இருந்தது. ரயில் பாதைக்கு மேலே செல்லும் ஆங்கிலேயர் காலத்துப் பத்ரி பாலம் 2018 நவம்பரில் இடிக்கப்பட்டு, அதற்குப் பதிலான புதிய பாலம் 2021 ஜனவரியில்தான் திறக்கப்பட்டது. இடைப்பட்ட இரண்டு ஆண்டுகளும் கல்யாணின் கிழக்கும் மேற்கும் நெரிசலில் தவித்தன. கல்யாண் மேற்கில் குடியிருப்புகளை நச்சுப் புகையால் வாட்டிய ஆதார்வாடி குப்பைக் கிடங்கு 2021இல் மூடப்பட்டது. அது மன்றம் இல்லாத காலத்தில் அதிகாரிகள் எடுத்த முடிவு என்பதையும் குறிப்பிட வேண்டும்.

மேயர், துணை மேயர் தேர்தலுக்காக மன்றத்தின் முதல் கூட்டம் விரைவில் கூட்டப்படவுள்ளது. அதைத் தொடர்ந்து நிலைக்குழுவின் 16 உறுப்பினர்கள் நியமிக்கப்படுவர். 2026–27ஆம் ஆண்டுக்கான வரவு செலவுத் திட்டம், ஐந்து ஆண்டுகளுக்குப் பின் முதன்முறையாக, தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினர்களின் முன் வைக்கப்படும்.